கொதி வருமுன்னே

கல்யாணமாகிப் பழங்காநத்தம் வந்த மறுநாள் காலையில் முனீஸ்வரி குளிக்க வெந்நீர் போட அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் பிறந்த ஊர் அலங்காநல்லூருக்குப் பக்கம். அங்கே வீட்டுக்குப் பின்னால் கரும்புச் சோகையும் பருத்திமாரும் போராகக் கிடக்கும். தீ எவ்வளவு எரிகிறது என்று அங்கே எவரும் அளந்து பார்த்ததில்லை. இங்கே கேஸ் அடுப்பு. அடுப்பின் திருகைக் கடைசிவரை திருப்பினாள். நீலத் தீ குண்டானின் இடுப்பைத் தொடுமளவு ஏறியதும் தள்ளி நின்றாள். தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்து திருகைப் பாதிக்குக் குறைத்தது.

"தீ சட்டிக்கு அடியில நிக்கணும். வெளிய வர்ற தீ யாருக்கு? காத்துக்கா வெந்நி போடுற?" என்றார் தங்கப்பாண்டி.

கோபமாகச் சொல்லவில்லை. புது மாப்பிள்ளையின் சிரிப்பும் அதில் இருந்தது. அவளும் சிரித்தாள். பிறகு அவர் ஒரு தட்டை எடுத்துக் குண்டானின் மேல் மூடினார். ஆவி போகக் கூடாது என்றார். ஒரு ஆள் குளிக்க இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று பாதியை மோந்து வெளியே எடுத்தார். ஜன்னல் காற்று தீயைச் சாய்க்கிறது என்று அதையும் சாத்தினார். அவர் அடுக்களையை விட்டுப் போனபோது முனீஸ்வரிக்கு வேர்த்துக் கொட்டியது.

தங்கப்பாண்டி தெற்கு மாசி வீதியில் ஒரு இரும்புக்கடையில் கல்லாவுக்கு அடுத்த ஆள். கஞ்சன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கோயில் அன்னதானம் என்றால் அரிசி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போவார். சொந்தக்காரன் வீட்டில் விசேஷம் என்றால் முதல் நாளே போய் நிற்பார். கேஸ் ஒன்றுதான் அவருக்கு வேறு மாதிரி. அவர் சின்ன வயதில் அந்த வீட்டுக்கு ஒற்றைச் சிலிண்டர்தான். தீர்ந்துபோனால் அடுத்தது வர எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அடுப்பு அணைந்துபோயிற்றாம். காபி கொடுக்க முடியாமல் அவருடைய அம்மா பக்கத்து வீட்டுக்குத் தூக்குவாளியோடு ஓடினாளாம். அந்தச் சம்பந்தம் அதனால்தான் தட்டிப்போனது என்று அவர் உறுதியாக நம்பினார். இதை அவர் சொல்லும்போதெல்லாம் முனீஸ்வரிக்குப் பாவமாக இருக்கும். அந்தப் பாவம் பார்த்ததில்தான் அவளுக்குப் பாதி வாழ்க்கை போயிற்று.

அவள் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி. அவர் சொன்னதைவிட அதிகமாகவே கற்றுக்கொண்டாள். மதுரை வெயிலில் மொட்டைமாடியில் ஒரு அகலப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டால் மதியத்துக்குள் தண்ணீர் பாதி வெந்நீர். அதை அடுப்பில் ஏற்றினால் கால்வாசி நேரந்தான். குறுகலான பாத்திரத்தைவிட அடி அகன்ற பாத்திரம் சீக்கிரம் சூடேறும். போர் தண்ணீரில் இருக்கிற உப்பு குண்டானின் உள்ளே வெள்ளையாகப் படிந்து, சூட்டை உள்ளே விடாது. புளி போட்டுத் தேய்த்துவிட்டால் மறுபடி சரியாகிவிடும். தட்டைத் தூக்கிப் பார்க்காமலே தண்ணீரின் நிலை அவளுக்குத் தெரியும். முதலில் மெல்லச் சீறும். பிறகு பேரிரைச்சலாக இரையும். அந்த இரைச்சல் அடங்கிச் சத்தம் கனத்துத் தளதளவென்று வரும்போதுதான் உண்மையான கொதி. குளிக்கவும் காபி கலக்கவும் அது வரை போகத் தேவையில்லை. இரைச்சலிலேயே அணைத்துவிடலாம். குடிக்கிற தண்ணீருக்குத்தான் கடைசிவரை வேண்டும்.

இந்த வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது. அவருக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான்.

அடுக்களையைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் கை திருகுக்குப் போகும். குழம்பு, சோறு என்று எதையும் தொடமாட்டார். தண்ணீர் மட்டும்தான். "சூடாயிருச்சு, போதும்" என்று சொல்லிக்கொண்டே அணைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் கடைக்குக் கிளம்பியதும் அவள் மறுபடி பற்றவைப்பாள். சாயங்காலம் வந்து ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைப்பார். கேஸ் இருக்கிற மட்டத்துக்கு ஈரம் காயாமல் நிற்கும், மேலே சட்டென்று காய்ந்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லாமல் இருந்து இருந்தே அவள் வாயாடாத பெண் என்று பெயர் வாங்கினாள்.

மகள் நாகஜோதி பள்ளிக்கூடம் போகிற காலத்தில், சிலிண்டர் கொடுக்கிற ஏஜென்சிக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்குக் கேஸ் சிக்கனப் போட்டி வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி அடுப்பு, ஒரே அளவு தண்ணீர். அடுப்புக்குக் கீழே சின்னச் சிலிண்டரை எடைபோட்டு வைத்திருந்தார்கள். யார் குறைந்த கேஸில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. மற்றப் பெண்கள் தீயை ஏற்றி வைத்துக்கொண்டு அடிக்கடி மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். முனீஸ்வரி கிடந்த பாத்திரங்களில் அகன்றதாகப் பார்த்து எடுத்தாள். அடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து ஈரம் போக்கினாள். மின்விசிறிக்கு நேராக இருந்த அடுப்பை விட்டு மூலையில் இருந்த அடுப்புக்குப் போனாள். தட்டை மூடியவள் திறக்கவே இல்லை. காதைக் கொடுத்து நின்றாள். கொதி வந்த நொடியில் கையைத் தூக்கினாள்.

அவள்தான் ஜெயித்தாள். மேடையில் ஒரு குக்கரைக் கொடுத்து, "இம்புட்டு நேக்கா எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று மைக்கை நீட்டினார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் தங்கப்பாண்டி படியேறி வந்துவிட்டார்.

"நான்தாங்க கத்துக் குடுத்தேன். வந்த புதுசுல இவளுக்கு அடுப்பப் பத்தவைக்கவே தெரியாது" என்றார் மைக்கில்.

மண்டபமே சிரித்தது. அவர் நிறையப் பேசினார். மூடி, தீயின் அளவு, உப்புப் படிவு, மொட்டைமாடி வெயில் என்று ஒன்று விடாமல் சொன்னார். வெயிலும் புளியும் அவள் கண்டுபிடித்தவை. ஏஜென்சிக்காரர் கைகொடுத்து, கொதி வந்த பிறகும் தீயை ஏற்றி வைப்பதால் தண்ணீருக்குச் சூடு கூடாது, கேஸ்தான் போகும் என்று விளக்கினார். தங்கப்பாண்டி அந்த வாக்கியத்தின் முன்பாதியை மறந்துவிட்டுப் பின்பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு தெருவில் அவருக்குச் 'சிக்கனப் பாண்டி' என்று பெயர். அவருக்கு அதில் பெருமைதான்.

நாகஜோதி படித்து முடித்தாள். வாடிப்பட்டியில் டிராக்டர் சாமான் கடை வைத்திருந்த ராம்கிக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மாமியார் கனகா கறாரான பொம்பளை, ஆனால் மருமகளை நல்லபடியாகத்தான் வைத்திருந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் தள்ளித்தான் நாகஜோதி உண்டானாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குப் பழங்காநத்தம் கூட்டிவந்தபோது தங்கப்பாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் இளநீர் வாங்கி வந்து தானே சீவிக் கொடுப்பார். மகளுக்கு வேர்க்கிறதே என்று மின்விசிறியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத் தான் புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் மகளிடம் வைத்த அன்பில் முனீஸ்வரியால் குறை சொல்ல முடியாது. அதுதான் பின்னால் எல்லாவற்றையும் கசப்பாக்கியது.

அந்த வருஷம்தான் அவர் மூட்டுவலியால் கடை வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். அடுக்களை வாசலுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதில்தான் இருப்பார். அவர் கிளம்பிய பிறகு மறுபடி பற்றவைக்கிற வழக்கம் அத்தோடு முடிந்தது.

சந்துக்குள் சாக்கடை வேலைக்குத் தோண்டினார்கள். தோண்டினவர்கள் ஒரு இடத்தில் குடிதண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டு, ஒட்டுப்போட்டு மூடிவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்துக் குழாயில் லேசான வாடை. பிறகு வாடை போய்விட்டது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு ஆனிமேரி டீச்சர்தான் வீடு வீடாக வந்து சொன்னார். மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவர்.

"முனீசு, வீட்டுல மாசமா இருக்க புள்ள இருக்கா. தண்ணிய நல்லா தளதளன்னு கொதிக்க வச்சுக் குடு. லேசா சூடு பண்ணி எறக்கிறாத. கொதி வந்தும் கொஞ்ச நேரம் விடு."

"சரி டீச்சர்."

மறுநாளிலிருந்து முனீஸ்வரி பெரிய குண்டானில் குடிதண்ணீரை ஏற்றினாள். அது குளிக்கிற வெந்நீரைப் போல இல்லை, நிறையத் தண்ணீர். கொதிக்க நேரமாகும். இரைச்சல் கேட்டதுமே நாற்காலி நகரும் சத்தமும் கேட்கும். தங்கப்பாண்டி வந்து தட்டை விலக்குவார். அடியிலிருந்து குமிழி கிளம்பியிருக்கும். அவ்வளவுதான், திருகு மூடிக்கொள்ளும்.

"இன்னும் கொதிக்கலங்க."

"குமிழி வந்துருச்சுல்ல? கை வைக்க முடியுதா பாரு. இந்தச் சூட்டுல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?"

"டீச்சர் நல்லா கொதிக்கணும்னாக."

"டீச்சரா கேஸ் புக் பண்ணித் தாராக? ஏஜென்சிக்காரனே மேடையில சொன்னான், அதுக்கு மேல எரிச்சா கேஸுதான் போகும்னு. நீயும் அங்கதான நின்ன?"

முதல் சில நாள் அவள் விடவில்லை. மறுபடி பற்றவைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னாலேயே நின்றாள். வெயில் காலம். சமையல், மகளுக்குப் பத்தியம், வந்துபோகிறவர்களுக்குப் பலகாரம் என்று வேலை ஓயவில்லை. ஒருநாள் மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தால், அடுப்பு அணைந்திருந்தது. குண்டான் மூடியபடி சுட்டுக்கொண்டிருந்தது.

"கொதிச்சுச்சா?" என்று கேட்டாள்.

"ம், கொதிச்சுச்சு."

அவர் முகத்தைப் பார்த்தாள். பேப்பரில் இருந்த முகம் நிமிரவில்லை. அவளுக்குத் தெரியும். அடுப்பில் ஏற்றிய நேரத்துக்கும் மாடியிலிருந்து இறங்கி வந்த நேரத்துக்கும் நடுவில் அவ்வளவு தண்ணீர் கொதித்திருக்காது. திரும்பப் பற்றவைத்தால் ஒரு பேச்சு. மகள் உள்ளே படுத்திருக்கிறாள், அவள் காதில் சண்டை விழும். சூடாகத்தானே இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். ஆறவிட்டுப் பானையில் ஊற்றினாள். அது ஒருநாளோடு நின்றுவிடவில்லை.

மகளுக்கு மாதம் நெருங்கியபோது சாப்பாடு இறங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் குமட்டியது. கடைசி மாசம் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒருநாள் காலையில் வாசலில் உட்காரவைத்துத் தலை வாரும்போது, நாகஜோதி எதையோ கேட்டுத் திரும்பினாள். வெயில் அவள் கண்ணில் அடித்தது. வெள்ளை விழி இரண்டும் மஞ்சள் பூசினது போல் இருந்தது. முனீஸ்வரி கையிலிருந்த சீப்பு அப்படியே முடியில் தொங்கியது.

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்றே தீவிர சிகிச்சையில் போட்டுவிட்டார்கள். குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்று மறுநாள் சொன்னார்கள். வலி வரவழைத்து வெளியே எடுத்தார்கள். ஆண் குழந்தை, தலை நிறைய முடி. ராம்கி துணியில் சுற்றிய அதைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாதவன் போல் நின்றான். நாகஜோதி பல நாள் நினைவில்லாமல் கிடந்தாள். உயிர் மட்டும் தங்கியது.

விழித்துவிடுவாள் என்று தெரிந்த பிறகுதான் டாக்டரம்மா அவர்களை வராந்தாவில் நிறுத்திப் பேசினார். கெட்ட தண்ணீரால் வருகிற மஞ்சள்காமாலை இது என்றார். மற்றவர்களுக்கு வந்தால் படுத்து எழுந்துவிடுவார்கள், சில பேருக்கு வந்ததே தெரியாது, பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்கு வந்தால்தான் இப்படி ஆகும் என்றார். கனகாவும் ராம்கியும் பக்கத்தில் நின்றார்கள்.

"வீட்டுல என்ன தண்ணி குடிச்சாங்க?"

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். மேடையில் நடந்தது போலவே தங்கப்பாண்டி முந்திக்கொண்டார்.

"கொதிக்க வச்ச தண்ணிதாம்மா. எங்க வீட்டுல இவதான் வைப்பா. ஒழுங்கா வச்சாளோ என்னமோ, எனக்கென்ன தெரியும்?"

சொல்லிவிட்டு அவர் அழுதார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. கனகா திரும்பி முனீஸ்வரியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"பெத்தவதான நீயி? தண்ணி கூடவா கொதிக்க வைக்கத் தெரியாது?"

முனீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகள் கிடக்கிறாள். இங்கே நின்று நான் வைத்தேன், நீ அணைத்தாய் என்று கத்துவதா? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவர் சொன்னதே ஊர்ப் பேச்சாகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அவர் அதையே சொன்னார். திரும்பத் திரும்பச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார். போட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்துக் குக்கர் வாங்கினவள் பெற்ற மகளுக்குக் கொதிக்க வைக்கவில்லையாம் என்று சொந்தத்துக்குள் பேசிக்கொண்டார்கள். ஆனிமேரி டீச்சர் மட்டும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நாகஜோதியை நேரே வாடிப்பட்டிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். போனில் கூப்பிட்டால் ராம்கி எடுத்து, "தூங்குறா அத்தை" என்பான். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு முனீஸ்வரி ஒருநாள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினாள். கனகா கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், காபி கொடுத்தாள், பிறகு அம்மாவையும் மகளையும் விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நாகஜோதி இளைத்துப் போயிருந்தாள். முன்நெற்றி முடி கொட்டியிருந்தது. எதிரே உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அம்மா, நீ கொதிக்க வச்சியா வைக்கலையா?"

"அடுப்புல ஏத்துனேன்டி. உங்கப்பாதான் பாதியில பாதியில அணைச்சுப்புட்டாரு. கேஸ் போயிருமாம். எத்தன தடவ சொன்னேன், கேட்டாத்தான? ஆஸ்பத்திரியில எம்மேல தூக்கிப் போட்டுட்டாரு. நீ படுத்துக் கெடக்கயேன்னு நானும் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. மகள் வந்து கட்டிக்கொள்வாள் என்று முனீஸ்வரி எதிர்பார்த்தாள். நாகஜோதி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா அணைச்சது உனக்குத் தெரியும்?"

"தெரியும். அதான் சொல்றேன்ல."

"தெரிஞ்சேதான் மோந்து குடுத்தியா?"

முனீஸ்வரி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சூடானா போதும்னு நெனச்சுட்டாரு. முட்டாள்தனம். உனக்குத் தெரியும். சத்தத்தக் கேட்டே சொல்லுவியே, கொதிச்சுச்சா கொதிக்கலயான்னு. அவருகூடச் சண்ட போடச் சங்கடப்பட்டுக்கிட்டு எனக்குக் குடுத்திருக்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. சொல்லி முடித்ததும் எழுந்து, காய்ந்த துணியை மடிக்கப் போய்விட்டாள். முனீஸ்வரி கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். பிறகு, "வாரேன்" என்று பின்கட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மகள் சொன்னதில் பொய்யென்று தள்ள ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடிக்கொண்டே வந்தாள். கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதான் அணைச்சீங்க. எம்மேல சொன்னீங்க. அவகிட்டச் சொல்லிப்புட்டேன்."

தங்கப்பாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப அதப் பேசி என்ன ஆகப் போகுது முனீசு? போன உசுரு வரவா போகுது?" என்றார்.

அவள் அடுக்களைக்குள் போனாள். மறுநாள் காலையில் குடிதண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். பற்றவைத்தாள். தீயை முழுக்க ஏற்றிவிட்டு, திருகை அப்படியே பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். இரைச்சல் கேட்டுத் தங்கப்பாண்டி எழுந்து வந்தார். கை நீண்டது. திருகு இருந்த இடத்தில் ஒரு இரும்பு முளைதான் நின்றது. அவளைப் பார்த்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதித்தது. தளதளவென்று கொதித்து, மூடியைத் தூக்கியடித்து, ஆவி அடுக்களை முழுக்கப் பரவியது. பாதித் தண்ணீர் வற்றும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. சிலிண்டர் முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. அவர் ஈரத்துணியோடு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வார். பழைய அந்தப் பார்வையை அவளிடம் கொண்டுவரத் துணிச்சல் இருக்காது. அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க முடியாது. அந்தச் சந்தோஷம் ஒன்றுக்கும் உதவாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. யாருக்காகக் கொதிக்க வேண்டுமோ அவள் இல்லாத வீட்டில் தண்ணீர் தினமும் கொதித்தது.

அடுத்த பிரசவத்துக்கு நாகஜோதி பழங்காநத்தம் வரவில்லை. கேட்டதற்கு, "இங்கயே பாத்துக்கிறோம், உங்களுக்கு எதுக்குச் செரமம்?" என்று கனகா மரியாதையாகச் சொல்லிவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது என்று ராம்கி போன் செய்தான். மூன்றாம் மனிதர்களைப் போல் பலகாரத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

குழந்தைக்குக் காதுகுத்து வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ராம்கி வீட்டாரின் குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தார்கள். நாகஜோதிக்கு உடன்பிறப்பு இல்லை. அதனால் முனீஸ்வரியின் தம்பி கருத்தக்கண்ணன் தாய்மாமன் முறைக்கு மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆசாரி காதில் கை வைத்ததும் குழந்தை வீறிட்டது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து சமாதானம் செய்தார்கள். கருத்தக்கண்ணன் குழந்தையைத் தூக்கி, "எக்கா, கொஞ்சம் பிடி" என்று முனீஸ்வரியிடம் நீட்டினான்.

முதல் தடவையாக அது அவள் தோளில் சாய்ந்தது. கழுத்தெல்லாம் கண்ணீரும் எச்சிலுமாக ஈரமாயிற்று. தட்டிக்கொண்டே பந்தலைச் சுற்றி வந்தாள். அழுகை விக்கலாக மாறியது. மேசையில் வரிசையாகத் தண்ணீர் டம்ளர்கள் வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துக் குழந்தையின் வாய்க்குப் பக்கம் கொண்டுபோனாள்.

"வேணாம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நாகஜோதி நின்றாள். கோபமாக இல்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு, தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்து, அதன் மூடியில் ஊற்றி ஊதி ஊதிப் புகட்டினாள். குழந்தை மடக் மடக்கென்று குடித்தது. "சாப்பிட்டியாம்மா? போய் உக்காரு, பந்தி போடுறாங்க" என்றாள் நாகஜோதி, வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்வதைப் போல. முனீஸ்வரி கையிலிருந்த டம்ளர் தண்ணீரைத் தானே குடித்தாள்.

பந்தலுக்குப் பின்னால் சமையல் நடந்த இடத்திலிருந்து தங்கப்பாண்டியின் குரல் கேட்டது. "அண்டாவ மூடுங்கப்பா, ஆவியெல்லாம் போகுது. தீயக் கொஞ்சம் கொறைங்க." சமையல்காரர், "நீங்க போய் ஒக்காருங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் யாரென்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். அவர் ஆண்கள் பக்கமும் அவள் பெண்கள் பக்கமுமாக உட்கார்ந்து வந்தார்கள். ஆரப்பாளையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் சொன்னார், "பேத்தி அப்படியே நாகஜோதி சாடைல?"

"ம்."

"நம்ம வீட்டுக்கு ஒரு தடவ கூட்டியாரச் சொல்லுவோம்."

பஸ் வந்தது, ஏறினார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அவர் நாற்காலியில் சாய்ந்தார். மூட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "ஒரு வாய் காபி போடேன் முனீசு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டு அவள் போடாமல் இருந்ததில்லை.

"நீங்களே போட்டுக்கங்க" என்றாள்.

சொல்லிவிட்டு, காலையில் காயப்போட்ட துணிகளை எடுக்க மொட்டைமாடிக்குப் படியேறினாள்.